அப்பாவின் பிக்கப்பும் நான்கு இன்ஜெக்டர்களும்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு இரவு 9 மணிக்கே நாள் முடிந்துவிடும். அதிகாலை 4.30க்கு நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் விழித்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான், என் அப்பா. பெஸ்தாரி ஜெயாவில், நம்மவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் அந்த ஊரில், வாழையிலைக் கட்டுகளை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருப்பார். நிலையத்தில் காரை நிறுத்தியதும் அவரை அழைப்பேன். ஐந்து நிமிடப் பேச்சு. அதற்குப் பிறகுதான் நான் ஒலிவாங்கியின் முன் உட்காருவேன். அவர் கிள்ளானுக்குக் கிளம்புவார்.

பத்து ஆண்டுகளாகக் காதில் ஹெட்போன் மாட்டிப் பிழைப்பவள் நான். ஒருவர் பேசும்போது அவர் குரலுக்குப் பின்னால் கேட்கும் சத்தமும் எனக்குத் தனியாகக் கேட்கும். அப்பா பேசும்போது பின்னணியில் பிக்கப் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தச் சத்தம் மாறியது. சீரான உறுமலுக்கு நடுவே 'டக், டக்' என்று யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு தனிச் சத்தம்.

“அப்பா, காடிக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லமா. வயசாச்சு. எனக்கு ஆகலையா?”

சிரித்து விட்டுவிட்டோம். ஜூன் மாதம் வந்தபோதுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை நின்றுபோன பயணம்

2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று காலை செய்தி அறிக்கைக்குப் பிறகு நேயர்களின் அழைப்புகளை எடுத்தவள் நான்தான். லோரி ஓட்டுநர்களும் பாசார் மாலாம் வியாபாரிகளும் பொரிந்து தள்ளினார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொன்ன எனக்கு, என் அப்பாவை நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் ஓட்டுவது 2.5 லிட்டர் டீசல் பிக்கப். 2013இல் அம்மாவின் தங்கச் சங்கிலியை அடகு வைத்து, முன்பணம் கட்டி, பழைய வண்டியாக வாங்கியது. தோட்ட வேலை போன பிறகு, மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் வாழை போட்டு, இலையை உணவகங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், மறுபடியும் வீடு என்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நான் ஊடகத் துறையில் பட்டம் வாங்கியதும் தம்பி பாலிடெக்னிக் முடித்ததும் இந்த ஓட்டத்தில்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு பயணமும் உண்டு. கோவில் அன்னதானத்துக்கு இலவசமாக இலை கொண்டுபோய்க் கொடுப்பார். பதினோரு ஆண்டுகளில் அது நின்றதில்லை. ஜூலையில் ஒரு நாள் அம்மா தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னார்: “இப்போ வெள்ளிக்கிழமை அப்பா கோவிலுக்குப் போறதில்லமா. எண்ணெய் கட்டுப்படியாகலையாம். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு.”

புடி மடானி உதவித்தொகையாக மாதம் 200 ரிங்கிட் கிடைத்தது உண்மைதான். ஆனால் வண்டி குடித்த டீசலுக்கு அது போதவில்லை. லிட்டருக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர் ஓடிய வண்டி, எட்டரைக்கு இறங்கியிருந்தது. மேட்டில் ஏறினால் பின்னால் கறுப்புப் புகை.

தம்பியின் திட்டம்

தம்பி ஷா ஆலாமில் தொழிற்சாலைத் தொழில்நுட்பர். சத்தத்தைக் கேட்டதும் இன்ஜெக்டர்தான் என்று சொன்னான். அதுவரை சரி. அடுத்து அவன் சொன்னதுதான் வில்லங்கம்.

“அக்கா, பழசையே எதுக்குப் போடணும்? 30 விழுக்காடு பெரிய நோசல் போட்டு அப்கிரேட் பண்ணிடலாம். பவர் ஏறும். அப்பா பிறந்தநாளுக்கு நம்ம ரெண்டு பேரோட பரிசு.”

எனக்கும் பிடித்திருந்தது. அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால், ரவாங்கில் அவர் வழக்கமாகப் போகும் பட்டறையின் போர்மேன் எங்கள் உற்சாகத்துக்கு முதல் கட்டையைப் போட்டார்.

“தங்கச்சி, காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனா முதல்ல என்ன செய்வாரு? வெப்பம் பார்ப்பாரு. நீங்க மருந்தையும் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க. முதல்ல அளந்து பார்ப்போம்.”

இன்ஜெக்டர் என்ன வேலை செய்கிறது?

அன்று பட்டறையில் உட்கார்ந்து நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் டீசல் வண்டி இருந்தால் இது பயன்படும்.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறிதான் எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் அது கொதிக்கும் அளவுக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். எப்போது, எவ்வளவு, எவ்வளவு நுண்ணிய துளிகளாகப் பீய்ச்ச வேண்டும் என்பதுதான் எல்லாமே. அந்த வேலையைச் செய்வது இன்ஜெக்டர்.

2000க்குப் பிறகு வந்த பிக்கப்களில் பெரும்பாலும் 'கொமன் ரெயில்' முறைதான். ஒரு பம்ப் டீசலை அழுத்தி ஒரு பொதுக் குழாயில் நிரப்பி வைக்கும். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். நம் கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். அந்தக் குழாயிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். வண்டியின் கணினி மின்சாரம் கொடுத்ததும் உள்ளே ஒரு சிறு வால்வு திறக்கும், ஊசி மேலெழும், முனையில் உள்ள மயிரிழை போன்ற துளைகள் வழியாக டீசல் புகைபோலப் பீறிடும். எல்லாம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோதான்.

நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஓர் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 1,000 முறை வேலை செய்கிறது. ஒரு மணி நேரத்தில் 60,000 முறை. அப்பா தினமும் மூன்று மணி நேரம் ஓட்டுகிறார் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. முக்கியமான பீய்ச்சலுக்குச் சற்று முன்னால் ஒரு துளி டீசலை முதலில் விட்டு மெதுவாகத் தீ மூட்டுவார்கள். அதனால்தான் புதிய டீசல் வண்டிகள் பழைய லோரிபோல் தடதடப்பதில்லை. இன்ஜெக்டர் தேய்ந்தால் முதலில் பிசகுவது இந்தச் சின்னத் துளிதான். அந்தச் சிலிண்டர் தட்ட ஆரம்பிக்கும். தொலைபேசியில் நான் கேட்ட 'டக், டக்' அதுதான்.

நான்கு சின்னப் புட்டிகள்

போர்மேன் முதலில் கணினியை மாட்டினார். நான்கு சிலிண்டர்களையும் சமமாக ஓடவைக்க, வண்டியின் கணினி ஒவ்வொன்றுக்கும் டீசலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்குமாம். அந்தத் திருத்த எண்களில் மூன்றாவது மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றது.

அடுத்தது பார்க்கவே அழகான ஒரு சோதனை. இன்ஜெக்டரிலிருந்து கொஞ்சம் டீசல் தொட்டிக்குத் திரும்பிப் போகும். அது இயல்பு. உள்ளே தேய்மானம் கூடக் கூட, திரும்பும் அளவும் கூடும். நான்கின் திரும்பு குழாய்களையும் கழற்றி, நான்கு சின்னப் புட்டிகளில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டார். இரண்டாவதும் நான்காவதும் சமமாக ஏறின. முதலாவது சற்றுக் கூடுதல். மூன்றாவது புட்டியில் அவற்றைவிட இரு மடங்கு.

எங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. எத்தனையோ மாதமாக 'வயசாச்சு' என்று அவர் மூடி வைத்தது, கண்ணாடிப் புட்டியில் எல்லார் முன்னாலும் நின்றது.

இன்ஜெக்டர்களைக் கழற்றி, கிள்ளானில் டீசல் பம்ப் பார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். சோதனை மேசையில் வெவ்வேறு அழுத்தங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு டீசல் விடுகிறது என்று அளந்து, தாளில் அச்சடித்துக் கொடுத்தார் தௌக்கே. இரண்டு தேறின. இரண்டு தேறவில்லை.

பெரிய நோசல் ஏன் வேண்டாம்?

தம்பி அப்போதும் விடவில்லை. பெரிய நோசலைப் பற்றிக் கேட்டான். தௌக்கே அவனுக்கு மலாயில் பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்டது இது.

டீசல் எரியக் காற்று வேண்டும். பெரிய துளை வைத்தால் டீசல் மட்டும்தான் கூடும். டர்போ கொடுக்கும் காற்று அப்படியேதான் இருக்கும். எரியாத மிச்சம் கறுப்புப் புகையாகப் போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. டீசல் எஞ்சினில் எரிபொருள் கூடினால் சூடும் கூடும். பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட மேட்டில் ஏறும்போது, அந்தச் சூடு டர்போவைக் கெடுக்கும், பிஸ்டனையே உருக்கும். பெரிய நோசல் போட்டால் கணினியின் கட்டளைகளையும் மாற்ற வேண்டும், காற்று வழியைப் பார்க்க வேண்டும், வெளியேறும் புகையின் வெப்பத்தை அளக்கும் கருவி வேண்டும், கிளட்ச் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் இத்தனையும் சேர்த்துச் செய்கிறார்கள். நோசலை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடுவது பாதி வேலை.

சாலையில் கறுப்புப் புகையோடு போனால் ஜேபிஜேவும் சுற்றுச்சூழல் துறையும் நிறுத்திச் சோதிக்கலாம். எஞ்சினை மாற்றியமைத்தால் அனுமதி வேண்டுமா, காப்புறுதி செல்லுமா என்ற கேள்விகளும் வரும்.

கடைசியில் தௌக்கே கேட்ட கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை: “உன் அப்பா ஏற்றுவது இலை. இலைக்கு எதற்கு அவ்வளவு வேகம்?”

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அசல் புதிய இன்ஜெக்டர் ஒன்று 1,150 ரிங்கிட் என்றார்கள். பழைய உடலில் புதிய நோசலும் புதிய வால்வும் போட்டு, மேசையில் அளந்து தருவது 480 ரிங்கிட். இணையத்தில் ஒன்று 190 ரிங்கிட்டுக்கே விற்றது. அதற்குச் சோதனைத் தாள் இல்லை. யார் செய்தது என்றும் தெரியாது. நாங்கள் நடுவழியை எடுத்தோம். ஆனால் கெட்ட இரண்டை மட்டும் அல்ல, நான்கையும் மாற்றினோம். இரண்டு புதிது, இரண்டு பழசு என்று கலந்தால் சமநிலை மறுபடியும் சீக்கிரமே கெடும் என்றார் போர்மேன்.

துளையின் அளவு? கம்பெனி வைத்த அதே அளவுதான். பழைய வண்டிக்கு முதல் அப்கிரேட், நான்கும் ஒரே அளவில் டீசல் விடுவதுதான் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

கெட்டது ஏன்?

இத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். போர்மேன் முடிக்கவில்லை. “இது ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம புதுசைப் போட்டா, அதுவும் கெடும்” என்று டீசல் பில்டரைக் கழற்றி ஒரு தட்டில் ஊற்றினார். அடியில் தண்ணீர். துருநிறத்தில் சேறு.

நம் நாட்டில் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசலைக் கலப்பது 2019இல் தொடங்கியது. அதில் தவறில்லை. ஆனால் பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். பழைய தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். ஆகவே பில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும், அடியில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். தொட்டியை எப்போதும் அடிமட்டத்தில் வைத்து ஓட்டினால், மேலே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும்.

“அண்ணே, பில்டர் கடைசியா எப்போ மாத்துனீங்க?” என்று கேட்டார் போர்மேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “இவன் பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம்னு நினைக்கிறேன்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சேர்ந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்னால். பில்டரின் விலை 80 ரிங்கிட். கட்டணம், பேருந்துக் காசு, புத்தகம் என்று அந்த 80 ரிங்கிட் எங்கே போயிருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். தினமும் 30, 40 ரிங்கிட்டுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றித் தொட்டியை அடிமட்டத்திலேயே வைத்திருந்ததற்கும் காரணம் அதுவேதான்.

பொருத்திய நாள்

ஒரு சனிக்கிழமை வேலை நடந்தது. தொட்டியை இறக்கிக் கழுவினார்கள். புது பில்டர் போட்டார்கள். இன்ஜெக்டர் உட்காரும் குழியைச் சுத்தம் செய்து, அடியில் புதிய செம்பு வளையம் வைத்தார்கள். பழைய வளையத்தையே போட்டால் கசியுமாம். சில எஞ்சின்களில் அப்படிக் கசியும் புகை மேலேறி, கரி எஞ்சின் எண்ணெயில் கலந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். சில ரிங்கிட் வளையத்தை மிச்சப்படுத்தி எஞ்சினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு என்றார்.

ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு இருந்தது. தயாரிப்பில் ஏற்படும் நூலிழை வித்தியாசத்தைக் கணினிக்குச் சொல்லும் எண் அது. எங்கள் வண்டிக்கு அதைக் கணினியில் பதிய வேண்டியிருந்தது. பதியாமல் விட்டால் புதுசும் பழசுபோலவே தட்டும்.

தம்பி எட்டிப் பார்த்தபோது போர்மேன் அதட்டினார். எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயில் கை வைக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள்.

எஞ்சினை முடுக்கியபோது கொஞ்சம் தடுமாறியது. பிறகு பிடித்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக் கேட்டேன். தட்டல் இல்லை. புது வண்டிச் சத்தமும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டு வாசலில் கேட்ட அதே உறுமல்.

கணக்கு

நான்கு இன்ஜெக்டர் 1,920 ரிங்கிட். சோதனை 160. தொட்டி கழுவியது, பில்டர், வளையங்கள், எஞ்சின் எண்ணெய் எல்லாம் சேர்த்து 360. கணினிப் பதிவும் கூலியும் 200. மொத்தம் 2,640 ரிங்கிட். இது எங்களுக்கு ஆன செலவு. வண்டிக்கு வண்டி, கடைக்குக் கடை மாறும்.

வண்டி இப்போது லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறது. நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால், அன்றைய விலையில் மாதம் ஏறக்குறைய 230 ரிங்கிட் மிச்சம். அதில் பில்டருக்கும் சுத்தமான தொட்டிக்கும் பங்கு உண்டு. எல்லாப் புகழும் இன்ஜெக்டருக்கே அல்ல. எப்படிப் பார்த்தாலும் ஒரு வருடத்தில் செலவு திரும்பிவிடும்.

உங்கள் பழைய டீசல் வண்டி தட்டினால், புகைத்தால், காலையில் முடுக்கச் சிரமப்பட்டால், பவர் ஏற்றும் சாமானைத் தேடுவதற்கு முன் இந்த வரிசையில் போங்கள். முதலில் பில்டர், தண்ணீர், காற்று வடிகட்டி. பிறகு கணினியில் திருத்த எண்கள், திரும்பு டீசல் சோதனை. பிறகு சோதனை மேசை. தாளில் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிறந்தநாள் பரிசு என்று சொன்னோம். அப்பா தலையாட்டி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அம்மா என் கையில் ஓர் உறையைத் திணித்தார். உள்ளே 220 ரிங்கிட். “அப்பா கொடுக்கச் சொன்னாரு.” அதற்கடுத்த மாதமும் 220. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்தில் சரியாக 2,640.

வேண்டாம் என்று சண்டை போட்டேன். “எண்ணெய்ல மிச்சமான காசுதான்மா. உன் காசு இல்ல, என் காசும் இல்ல” என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு உறையும் வந்தன. ஒரு சின்ன ஆறுதல், இப்போது பில்டர் மாற்றும் தேதியைத் தம்பி தன் கைப்பேசியில் போட்டு வைத்திருக்கிறான். அந்த 80 ரிங்கிட் அவன் செலவு. அதில் மட்டும் அப்பா பேச்சு எடுபடவில்லை.

அதிகாலை அழைப்பு தொடர்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனை வைக்கப் பார்த்தார்.

“என்னப்பா அவசரம்?”

“கோவிலுக்கு இலை கொடுத்துட்டு அப்புறம்தான் கிள்ளானுக்குப் போகணும். நேரமாச்சு, வைக்கிறேன்.”

பின்னால் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை நிகழ்ச்சியில் நான் வழக்கத்தைவிட உற்சாகமாகப் பேசியதாக நேயர் ஒருவர் அழைத்துச் சொன்னார். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.